எந்த மலை?

அன்று நோர்வேயில், எங்கள் லோறென்ஸ்கூக் வீட்டு வரவேற்பறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சற்குணமாகிய நான், என் மனைவி கிருஷ்ணகுமாரி, கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்த எங்கள் மகள் ராகவி, வெஸ்ட்லியிலிருந்து சுகம் விசாரிக்க வந்த பாலேந்திரன், அவன் மனைவி சிறிதேவி. ஆறாவது ஆள் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லித் திரிபவர்கள் எவரும் என் வாசற்படியை மிதிக்கவில்லை.

2007ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் ராகவியும் அவளோடு வேலை செய்யும் மாரிட் என்ற பெண்ணும் மலையில் பனிச்சறுக்கு விளையாடப் போய்ப் பனிச்சரிவில் அகப்பட்டார்கள். மறுநாள்தான் மீட்கப்பட்டார்கள். மாரிட்டுக்குத் தோள் முறிந்தது. என் மகளுக்கு இடது காலில் இரண்டு விரல்கள் போயின.

சிறிதேவி தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்ரி, மிச்சம் எட்டும் பத்திரமா இருக்கு. எண்ணிப் பாக்கப் போறியளோ?” என்றாள் ராகவி.

பாலேந்திரன் சிரித்தான். “உது வருமெண்டு முதலே தெரியாதோ பிள்ளை?”

“தெரியும் அங்கிள். மூண்டு நாளாக் காத்தோடை ஸ்னோ கொட்டினது. அடியிலை பழைய ஸ்னோ சீனி மாதிரி, ஒட்டாது. அதாலை நாங்கள் சாய்விலை ஏறேல்லை, அடிவாரத்தாலை போனனாங்கள். மேலை உடைஞ்சா அடிவாரம் வரைக்கும் வருமெண்டு யோசிக்கேல்லை. அது எங்கடை பிழை.”

மாரிட் முழுதாகப் புதைந்துபோனாள். இருவரும் உடம்பில் கட்டியிருந்த கருவியின் சத்தத்தை வைத்துத் தேடி, சவளால் தோண்டி அவளை எடுத்தவள் என் மகள். தொலைபேசி வேலை செய்யவில்லை. காயப்பட்டவளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று, நனைந்த சப்பாத்தோடு அங்கேயே இருந்தாள். இதைக் கேட்ட பிறகும் சிறிதேவி வாயைத் திறந்தாள்.

“அதெல்லாம் சரி. ஆனா அண்ணை, சனம் வேறை மாதிரியெல்லோ கதைக்குது.”

“எந்தச் சனம்?”

“பேர் சொல்லேலாது. பிள்ளை ஆரோ வெள்ளைப் பெடியனோடை போனவளாம். அதுதான் வீட்டிலை ஒளிச்சவளாம். எந்த மலையெண்டு பொலிஸ் கேக்க, தாய் தேப்பனுக்கே தெரியேல்லையாம்.”

“பாலேந்திரன், உம்மடை மனிசி என்ரை வீட்டுக் கதிரையிலை இருந்துகொண்டு என்ரை பிள்ளையைக் கூண்டிலை ஏத்துறாவோ?”

“கோவிக்காதையுங்கோ அண்ணை. அந்த வாயளை மூடத்தான் கேக்கிறம். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிள்ளை இடத்தைச் சொல்லிப்போட்டுப் போனவளோ, இல்லையோ?”

கிருஷ்ணகுமாரி தரையைப் பார்த்தாள்.

“நான் சொல்லேல்லை அங்கிள்,” என்றாள் ராகவி. “விடுங்கோ.”

என் மானத்தைக் காக்க என் பிள்ளை தன் பெயரில் சேற்றைப் பூசிக்கொண்டாள். ஊர் வாயைவிட அதுதான் என்னைச் சுட்டது. எழுந்து போய், வைத்தியசாலையில் கட்டித்தந்த பையிலிருந்து அவளுடைய ஜாக்கெட்டை எடுத்துவந்தேன்.

மலைக்குப் போன அந்தச் சனிக்கிழமை விடியற்காலை அவள் சறுக்குப் பலகைகளோடு வாசலில் நின்றாள். “எங்கை பிள்ளை...” என்று தாய் தொடங்கவும் நான் அதட்டினேன்: “வெளிக்கிடேக்கை எங்கையெண்டு கேக்காதை!” புறப்படுபவரை அப்படிக் கேட்டால் போகும் காரியம் கெடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

ராகவி சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினாள். “கேக்க வேண்டாம் அப்பா, இதை மட்டும் வைச்சிருங்கோ. மாரிட்டின்ரை ஆக்கள் ஸ்பெயினிலை. பின்னேரம் ஏழு மணிக்குள்ளை நாங்கள் வராட்டி பொலிசுக்குப் போன் அடியுங்கோ.”

போகும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போ என்ற விதியை இந்த நாட்டில் ஈஸ்டர் சாக்லேட் உறையின் உட்புறத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக அதை நானும் வாசித்திருக்கிறேன்.

“வெளிக்கிடேக்கை பொலிஸ் எண்டு கதைக்கிறியோ? சாகப்போறவைதான் எழுதி வைச்சிட்டுப் போறது,” என்று தாளை மடித்து அவளுடைய ஜாக்கெட் பைக்குள் திணித்து, சிப்பையும் நானே இழுத்து மூடினேன். வெளியே மாரிட் காரின் ஹோர்னை அடித்தாள். ராகவி ஓடிவிட்டாள்.

ஏழு மணி கடந்தும் அவள் வராமல் நான் பொலிசை அழைத்து, எந்த மலை என்று அவர்கள் கேட்டபோது பதில் என்னிடம் இல்லை. அது அவளோடு பனியில் கிடந்தது. அவர்கள் மலை மலையாகக் கார்த் தரிப்பிடங்களைத் தேடி, ஞாயிறு முற்பகல்தான் மாரிட்டின் காரைக் கண்டார்கள். சில மணி நேரம் முந்தியிருந்தால் விரல்கள் தப்பியிருக்கும் என்றார் வைத்தியர்.

நனைந்து காய்ந்த அந்தத் தாளை ஜாக்கெட் பைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் விரித்தேன். நடந்ததைச் சொன்னேன். “வாசியும்,” என்றேன்.

பாலேந்திரன் வாசித்தான். மலையின் பெயர், பாதை, கார் நிறுத்தும் இடம், நேரம், அடியில் இரண்டு பெண்களின் பெயர்கள்.

“அண்ணை, இது வெளியிலை போகாது. நாங்கள் வாய் திறக்கமாட்டம்.”

“திறவும்! கோயிலிலை சொல்லும், கடையிலை சொல்லும். மற்றதைச் சொல்ல மட்டும் வாய் இருந்ததோ?”

“அப்பா, காணும், விடுங்கோ,” என்றாள் ராகவி. எனக்குக் காணாது.

அவர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். அந்த மலையில் பெடியன் எவனும் இருக்கவில்லை. ராகவி எதையும் ஒளிக்கவில்லை. போகும் இடத்தை எழுதிக் கையில் தந்தாள். வாங்க மறுத்தவன் அவளுடைய தகப்பன், சற்குணம்.