புஷ்பவள்ளியின் சம்மதம்

2010இல் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுதான் எனக்கு வீடு. புருஷன் செத்த மூன்றாம் மாதமே கொழுந்தன் என்னை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டான். புவனகிரியில் கட்டிக்கொடுத்த மகள் இளமதி, அம்மா புதுச்சேரியில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்ப்பதாக மாமியாரிடம் சொல்லிவைத்திருந்தாள். ஞாயிறுதோறும் கோயிலுக்கு என்று கிளம்பி வந்து எனக்குச் சோறு போட்டுவிட்டுப் போவாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் உயிரோடு இருந்தேன்.

தில்லைநாதன் அப்போதுதான் வந்தான். கடலூரில் ஒரு கல்லூரியில், வீடில்லாதவர்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியாம். கஷ்டத்தில் யார் உதவுகிறார்கள் என்று கேட்டான். மகளைப் பற்றிச் சொன்னேன். "பேரு, போட்டோ எதுவும் வெளிய வராதும்மா" என்றான். பாவி, அடுத்த மாதமே தன் ஆராய்ச்சிப் பெருமையைப் பேப்பரில் போட்டுக்கொண்டான். பக்கத்திலேயே என் முகம், என் பெயர், மகள் ஒளித்துச் சோறு கொண்டுவரும் கதை.

இளமதியின் மாமியார் பேப்பர் படிக்கிறவள். டீக்கடை பக்கிரியின் போனில் மகள் ஒரே ஒருமுறை பேசினாள். "இனிமே வர முடியாதும்மா. வந்தா திரும்பி வூட்டுக்கு வராதன்னுட்டாங்க."

இரண்டு வருடம் கறுவிக்கொண்டே இருந்தேன். போன மாதம், ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்து உதவியவன் என்று பக்கிரிக்கு ஓர் அழைப்பு வந்தது. தில்லைநாதனின் வாய்மொழித் தேர்வு, அனைவரும் வருக. அனைவரில் நானும் உண்டுதானே! சேலையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், பார்வையாளர்களும் கேட்கலாம் என்றதும் எழுந்தேன். "என் படத்த யாரைக் கேட்டு பேப்பர்ல போட்டீங்க?"

தில்லைநாதன் விடவில்லை. "சம்மதம் வாங்கியிருக்கேன் சார்" என்று ஃபைலைப் பிரித்துக் காட்டினான். என் பெயருக்குக் கீழே நீலமாய் ஒரு பெருவிரல் ரேகை. தெருவில் கிடக்கிறவளுக்கு எழுத்து எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டான் போலும்.

தேர்வாளரின் பேனாவை வாங்கி, அந்த ரேகைக்குப் பக்கத்திலேயே ச. புஷ்பவள்ளி என்று கையெழுத்துப் போட்டேன். "பத்தாவது பாஸு சார். நான் எதுக்கு கைநாட்டு வெக்கப் போறேன்? வேணும்னா என் வெரலையும் ஒத்துப் பாருங்க."

அவர் ஃபைலை மூடிவிட்டார். தேர்வு அத்தோடு நின்றது.

வராந்தாவில் ஓடி வந்து என் காலைப் பிடித்தான். "நான்தான் வெச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. ஆறு வருஷ உழைப்பு. ரெண்டு கொழந்தைங்க இருக்கு."

குழந்தைகள் என்றதும் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. உடனே இளமதியின் முகம் வந்தது.

"இருக்கட்டும். அதுங்களாவது ஒன்ன தெனமும் பாக்குதுங்க இல்ல" என்று காலை உருவிக்கொண்டேன்.