நமக்குள்ள ஏது கடன்

வக்கீல் அம்மா நான் சொன்ன தேதியை விரல் விட்டு எண்ணினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். டாக்டர்கள் இப்படிக் கழற்றினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"நீங்க அவருக்குப் பணம் குடுத்து மூணு வருஷம் நாலு மாசம் ஆச்சும்மா. கடனை வசூல் பண்ண சட்டம் குடுக்கிற கெடு மூணு வருஷம்தான். நாலு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமே?"

"அப்ப இவ, அவன் திரும்பி வருவான்னு வாசலைப் பார்த்துட்டு இருந்தா மேடம்," என்றாள் அக்கா. அக்காவுக்கு என்னை விட்டுக்கொடுக்கவும் தெரியாது, வாயை அடக்கவும் தெரியாது.

உண்மைதான். ஆறு வருஷம் அவனும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். கல்யாணம் மட்டும்தான் பண்ணிக்கொள்ளவில்லை. சொந்தமாக வேன் ஓட்ட வேண்டும் என்று அவன் ஏங்கியதைப் பார்த்து, திரைச்சீலை தைத்துச் சேர்த்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். போன வருஷம் அதே வேனில் தன் துணிமணியை ஏற்றிக்கொண்டு போனான். பணத்தைக் கேட்டால் எல்லாம் முடிந்துபோகும் என்று பயந்து கேட்காமலே இருந்தேன். முடிந்து எத்தனையோ நாளாகியிருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை. இப்போது நான் தையல் கடை வைத்திருக்கும் இடத்தின் சொந்தக்காரர் கூடுதல் முன்பணம் கேட்கிறார். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரவேண்டியதுதான்.

"அவர் எழுதினது ஏதாவது இருக்கா? மெசேஜ்கூடப் போதும். கெடு முடியறதுக்குள்ள கடன்னு அவரே ஒத்துக்கிட்டிருந்தா, அந்தத் தேதியிலேருந்து மூணு வருஷம் புதுசா ஆரம்பிக்கும்."

ஒன்று இருந்தது. வேன் வாங்கி ஒரு வருஷம் ஆன அன்று அனுப்பியது. எனக்கு மனப்பாடம். போனை நீட்டினேன். வக்கீல் சத்தமாகவே படித்தார்.

"'வேன்ல உக்காரும்போதெல்லாம் உன் நினைப்புதான். இந்த ஜென்மத்துல உன் கடனை அடைக்க முடியாதுடி.'"

எனக்குக் காது சுட்டது. அன்றைக்கு அதைப் படித்துவிட்டு ஒரு திரைச்சீலையைத் தலைகீழாகத் தைத்துவைத்தேன்.

"ஜென்மத்தை விடுங்க. 'உன் கடன்'னு எழுதியிருக்கார் பாருங்க, அதைப் பிடிச்சுக்கலாம். கேஸ் போட்டதுமே பயந்து பணத்தைக் கட்டிடுவார்," என்று வக்கீல் சிரித்தார். அக்கா என் தொடையில் தட்டினாள். கடை பிழைத்தது என்று நினைத்தேன். அவன் கொஞ்சியதைக் கோர்ட்டில் கடன் பத்திரமாக நீட்டப்போகிறேனே என்று கூச்சமாகவும் இருந்தது.

வக்கீலின் கட்டைவிரல் திரையைக் கொஞ்சம் தள்ளியது. அடுத்த வரி என்னுடையது.

"நமக்குள்ள ஏதுடா கடன்? அது உன் பணம். நானே உனக்குத்தானே."

இதை அவர் சத்தமாகப் படிக்கவில்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதைக் காட்டி, அன்பளிப்பாக் குடுத்ததுன்னு சொல்லிடுவாங்கம்மா. அழிச்சும் பிரயோஜனமில்ல, அவர் போன்ல இருக்கும். ஒரே ஒரு வழிதான். இது சும்மா பேச்சுக்குச் சொன்னது, மனசுல அப்படி நினைக்கலைன்னு கூண்டுல ஏறி நீங்க சொல்லணும். சொல்வீங்களா?"

"சொல்வா," என்றாள் அக்கா. "சொல்லுடி."

வாயைத் திறந்தேன். கடை, மெஷின், மாதக் கடைசி எல்லாமே ஞாபகம் இருந்தது.

"சும்மா சொல்லலை மேடம். மனசாரத்தான் சொன்னேன்."

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "வா. மெஷினை என் வீட்டு ஹால்ல போட்டுக்கலாம்."

படியிறங்கும்போது அழுதேன். பணம் போனதற்கா என்று அக்கா கேட்கவில்லை.