தலைமாட்டுப் பெட்டி

என் மகள் கல்யாணங்களுக்குப் போய்ப் படமெடுத்து, வீட்டில் உட்கார்ந்தே வெட்டி ஒட்டிக் கொடுக்கிறாள். எடுத்த படமெல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். பெட்டி என் கட்டில் தலைமாட்டில். அங்கிருந்து ஒயர் வழியாகக் கூடத்தில் இருக்கும் அவள் கம்ப்யூட்டருக்குப் போகும்.

இன்று மத்தியானம் அவள் போட்ட சத்தத்தில்தான் கண் விழித்தேன்.

"கம்ப்யூட்டர்ல ரெண்டு டிஸ்க்கையும் காணோம்! நேத்து வரைக்கும் இருந்தது, இன்னைக்குக் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சா? சாயங்காலம் பொண்ணு வீட்டுக்காரங்க படத்துக்கு வந்து நிப்பாங்க."

"நான் வைஃபை பெட்டியை மட்டும்தான் மாத்தினேன்" என்றார் என் மாப்பிள்ளை.

"நீங்க கை வெச்சது எது உருப்பட்டிருக்கு?"

அவர் மேசைக்கடியில் புகுந்து ஒயர் ஒயராகப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தார். என் தலைமாட்டுப் பெட்டி சத்தமில்லாமல் கிடந்தது. அணைத்தது நான்.

ராத்திரியெல்லாம் மூட்டை இறக்கிவிட்டு வருகிறவன். காதோரம் அது இரைந்தால் தூக்கம் எங்கே வரும்? லோடு இறக்கும்போது லாரி இஞ்சினை அணைத்துவிடுவது எங்கள் பழக்கம். இதையும் சும்மா நிற்கிற வண்டியாகத்தான் நினைத்தேன். பகலில் மகள் படமெடுக்கப் போய்விடுவாள், அவள் வருவதற்குள் போட்டுவிடுவேன். இன்று அவள் போகாதது எனக்குத் தெரியாது.

சுவிட்சுக்கு மேலே 'அணைக்காதீங்க' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். "உங்களுக்காகத்தாம்பா" என்று அன்றைக்குச் சிரித்தாள். நரை விழுந்த பிறகு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவன்தான் நான். ஆனாலும் அதைப் படித்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாயில்லை.

சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுதான் வந்திருக்கு. கல்யாணம் இன்னொண்ணுல இருக்கு!"

பெட்டிக்குள் டக், டக்கென்று ஏதோ தட்டியது. மாப்பிள்ளை வந்து காதை வைத்துக் கேட்டார். "அடிக்கடி பட்டுனு கரண்ட் போனா டிஸ்க் இப்படி ஆகும் மாமா. நம்ம வீட்லதான் கரண்டே போகலையே."

"எல்லாம் உங்க கைராசி" என்றாள் அவர் பின்னால் வந்து நின்ற மகள்.

"என் தப்பாத்தான் இருக்கும்" என்றார் மனிதர், தரையைப் பார்த்தபடி.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த மூட்டையையும் அவரே தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

"அவர் மேல தப்பில்லம்மா. நான்தான் அணைச்சேன்."

"இன்னைக்கா?"

"தினமும்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போனை எடுத்துப் பெண் வீட்டுக்குப் பேசினாள். "என் தப்புதாங்க. நான்தான் பார்த்துக்காம விட்டுட்டேன்."

எழுந்து போய் அவளெதிரே கையை நீட்டினேன்.

"போனைக் குடும்மா. நானே சொல்றேன்."