டிரையல் போட்டோ

என் அக்காவைப் போல மகளின் போனுக்குக் காவல் இருந்தவள் இந்தத் தெருவிலேயே கிடையாது. மகளுக்குப் பதின்மூன்று வயது. பிறந்தபோது உருண்டையாக இருந்தாள் என்று நான் வைத்த செல்லப் பெயர் பட்டாணி. இப்போது ஒட்டடைக்குச்சி மாதிரி வளர்ந்துவிட்டாள், ஆனாலும் பட்டாணிதான். அவள் போனில் புதிதாக எதை ஏற்றவும் பாஸ்வேர்டு வேண்டும், பாஸ்வேர்டு அக்காவிடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் தையல் கடை மேசையில் போனை வைத்த பிறகுதான் பையையே இறக்க வேண்டும். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பாள்.

"இது யாருடி, பூனைப் படம் வச்சிருக்கிறது?"

"என் கிளாஸ் பொண்ணும்மா."

"மூஞ்சி காட்டாதவங்க சகவாசமே வேணாம். அழிச்சிடு."

பட்டாணி என்னைப் பார்ப்பாள். காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும்தான் அந்தக் கடையில் என் வேலை. நடுவில் வாய் விட்டால் எனக்கும் சேர்த்து விழும். அவள் அழித்துவிடுவாள்.

கடைக்கென்று ஒரு பேஜ் இருந்தது, அது அக்காவின் போனில். பெண் பிள்ளைகளுக்குக் கவுன் தைப்பதில் அக்காவுக்குக் கைராசி. பொம்மைக்கு மாட்டிப் படம் எடுத்தால் துணி உயிரில்லாமல் தொங்குகிறது என்று பட்டாணிக்குப் போட்டு எடுக்க ஆரம்பித்தாள். லைக் கொட்டியது. படத்துக்குக் கீழே கடை முகவரி, "எங்க வீட்டு மாடல்" என்று ஒரு வரி, சில படங்களில் பின்னால் அவளுடைய பள்ளிக்கூடப் பை. அதெல்லாம் வியாபாரமாம். அக்காவைப் பொறுத்தவரை இன்டர்நெட் என்பது மகளின் போனுக்குள் மட்டும்தான் இருந்தது.

அந்தப் பேஜில்தான் கவுன் மேடம் வந்து சேர்ந்தாள். பெயர் இடத்தில் ஏதோ பூ, படத்தில் ஒரு கைக்குழந்தை. நாங்களாக வைத்ததுதான் கவுன் மேடம். தன் மகள் ஹாஸ்டலில் படிக்கிறாள், அளவு கொடுக்க வர முடியாது, உங்கள் மகளின் உடம்புவாகுதான், அவள் அளவுக்கே ஒரு மஞ்சள் கவுன் தைத்துவிடுங்கள் என்று எழுதினாள். எந்த அளவுக்குத் தைக்கிறீர்கள் என்பதையும் அனுப்பச் சொன்னாள். அக்கா தோள் முதல் கீழ்மடிப்பு வரை ஒன்று விடாமல் அனுப்பினாள். நேரில் வராதவர்களுக்கு டிரையல் போட்டோ அனுப்புவது எங்கள் வழக்கம். முன்னால், பின்னால், உட்கார்ந்தால் எங்கே இழுக்கிறது என்று எல்லாம் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் முடிப்போம். கவுன் மேடம் ஒன்றுக்கு மூன்றாகக் கேட்டாள்.

"விவரமானவங்கடி. துணி எப்படி விழுதுன்னு பாக்கத் தெரியுது" என்றாள் அக்கா. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவங்க பொண்ணு படத்த ஒரு தடவகூட அனுப்பலையேக்கா?"

"பொம்பளப் புள்ள படத்தக் கண்டவங்களுக்கு அனுப்புவாங்களா? அவங்க உஷாரு."

சிரிக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"எனக்குப் பிடிக்கலம்மா. ஒரே கவுனுக்கு எத்தன தடவ திரும்பி நிக்கிறது?" என்றாள் பட்டாணி.

"நெளியாத. மடிப்புக் கலையுது."

ஒருநாள் பட்டாணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து போனை மேசையில் வைக்கவில்லை. எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் அவள் படம். யாரோ முன்பின் தெரியாத ஒருவருடைய பக்கத்தில், மஞ்சள் கவுனில். கீழே வாயால் சொல்லக் கூசுகிற வார்த்தைகள், அதற்கும் கீழே அவளுடைய அளவுகள், தோள் முதல் வரிசையாக.

"கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. ஒருத்தன் என் அளவ வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறான்" என்றாள்.

அக்கா அறைந்தாள். "எவன்டி அவன்? எவனுக்குடி அனுப்பின?" என்று போனைப் பிடுங்கி உள்ளே புகுந்து தேடினாள். ஒன்றும் இல்லை. இல்லை என்பதே அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "எல்லாத்தயும் அழிச்சிட்டியா?"

"நான் யாருக்கும் அனுப்பலம்மா. அந்தப் படமே எங்கிட்ட இல்ல."

பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனை அக்கா கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். கவுனின் கீழ்மடிப்பில் பெரிய பெரிய வெள்ளைத் தையல். டிரையலுக்காக நான் தற்காலிகமாகப் போடுவது. முடிக்கும்போது உருவிவிடுவோம், உருவாமல் எந்தப் படமும் பேஜில் ஏறாது.

"அக்கா, மடிப்பப் பாரு. நூல் உருவல."

அக்கா பார்த்தாள். மஞ்சள் கவுனை டிரையலில் பார்த்தது உலகத்தில் ஒரே ஆள்தான். அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தவள் சும்மா இருந்தாளா? தன் போனை எடுத்து, கவுன் மேடத்தோடு பேசியது அத்தனையும் அழித்தாள், பேஜையும் அழித்தாள். நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அழிப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம்.

போலீஸில் ஒரு பெண் அதிகாரி அக்காவின் போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அந்தக் கவுன் மேடத்த நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"குரலாவது?"

"மெசேஜ்தான். பார்சல பஸ்ல போட்டுவிடுவோம், யாரோ ஒரு ஆம்பளதான் வந்து வாங்குறாருன்னு கண்டக்டர் சொல்வாரு. வீட்டுக்காரர்னு நெனச்சேன்."

"அழிக்காம கொண்டு வந்திருந்தா புடிக்க வசதியா இருந்திருக்கும்மா" என்றாள் அதிகாரி. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்கா வரும் வழியெல்லாம் அழுதாள். தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள், இன்னும் தேடுகிறார்கள். அந்தப் பக்கத்தை மூட வைத்தார்கள், படம் வேறு இடத்தில் முளைத்தது.

பட்டாணி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்துவிட்டாள். படிப்பு இத்தோடு போயிற்று என்றே பயந்தோம். கெஞ்சிக் கூத்தாடி, யாருக்கும் அவளைத் தெரியாத வேறொரு பள்ளியில் சேர்த்தோம். யூனிஃபார்ம் தைக்கவேண்டும். துணியை மேசையில் விரித்துவிட்டு அக்கா டேப்பை எடுத்தாள்.

"வா கண்ணு. கையத் தூக்கு. வளந்திருப்ப, புதுசா அளவு எடுக்கணும்."

பட்டாணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் அப்பாவின் பழைய சட்டைக்குள். "எங்கிட்ட எதுக்கும்மா? அதான் ஊருக்கே தெரியுமே. யாரையாவது கேட்டுக்கோ" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டாள்.

இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் அக்கா தைத்த யூனிஃபார்மில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். பட்டாணிக்கு மட்டும் கடையில் ரெடிமேடாக வாங்கினோம். இரண்டு சைஸ் பெரியதாக அவளே எடுத்தாள். தோள் இறங்கித் தொளதொளவென்று தொங்குகிறது. காலையில் அவள் போகும்போது அக்கா மிஷினை நிறுத்திவிட்டு அந்தத் தோளையே பார்ப்பாள். பிடித்துத் தைத்துத் தரட்டுமா என்று கேட்க இன்னும் வாய் வரவில்லை.