கட்டுப்போட்ட கையைப் பார்த்தவள்

1

இந்தக் கதை இலங்கை மலையகத்தின் டயகமயிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் காளியாயி. அறுபதை நெருங்கும் தேயிலைக் கொழுந்துக்காரி. சும்மா பேசிக்கொண்டு வந்தவள், "அவ வெரலு போனப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சுங்க" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற மலைச்சரிவில்—

(வேண்டாம். அந்தச் சரிவில் நின்று நனைகிறவர்களுக்கு அது கம்பளம் இல்லை.)

2

வீரம்மாவும் காளியாயியும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயம். மலையிலும் அடுத்தடுத்த தேயிலை நிரை. கொழுந்து வெட்டத் தோட்டத்தில் கத்தரி கொடுத்திருந்தார்கள். மழையில் வழுக்கி விழுந்த வீரம்மாவின் ஆள்காட்டி விரல் கத்தரிக்குள் போய்விட்டது. பாதி விரலோடுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கூரைக்குக் கீழே உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம். புருஷன் மூக்கன் தண்ணீர் கொட்டும் பீலியடியில் அவளுடைய சேலையைத் துவைத்தான். லயமே பார்த்தது.

காளியாயியின் விரல்களெல்லாம் கொழுந்துச் சாறும் பூச்சிமருந்தும் பட்டு வெடித்துச் சீழ் வைத்திருந்தன. சோறு பிசைந்தால் எரியும். புருஷன் பொன்னையாவிடம் காட்டினாள். "எல்லாருக்கும் அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு அவன் சாப்பிட்டான்.

(இவளைக் கெட்டவளாக்குகிறேனா? பொறாமையை எடுத்துவிட்டு இரக்கத்தை வைத்தும் எழுதிப் பார்த்தேன். கதை செத்துப்போனது.)

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீரம்மா கூப்பிட்டாள். "அக்கா, கொண்ட போட்டு விடுங்களேன்."

முடி காளியாயியின் விரல் வெடிப்புகளில் சிக்கி இழுத்தது. "ஒனக்கென்னடி, மவராசி மாதிரி ஒக்காந்திருக்க" என்றாள் காளியாயி.

வீரம்மா திரும்பவில்லை. "பிள்ளைக்கு ஒரு பட்டன் போட முடியலக்கா. காலையில நீங்க கத்தரியத் தூக்கிட்டுப் போறப்ப ஒங்க கையத்தான் பாப்பேன். வயிறு எரியும்."

காளியாயி கொண்டையை முடித்துவிட்டு வந்துவிட்டாள்.

"அதோட பொறாமை போயிருச்சா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க."

4

முடிவு ஒன்று: இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (நடக்கவில்லை.)

முடிவு இரண்டு: காளியாயி கத்தரியைத் தன் விரலுக்கு நேரே பிடித்து—

இதை அவளிடமே கேட்டேன்.

"ஒரு நா வச்சுப் பாத்தேன்."

"பெறகு?"

"வேலைக்குக் கங்காணி கூப்பிட்டாரு. போயிட்டேன்."

அக்கரப்பத்தனையில் இறங்கிக்கொண்டாள்.

கங்காணி கூப்பிடாமல் இருந்திருந்தால்? மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். நீங்கள் எழுதிப் பாருங்கள். அவளை அழ மட்டும் வைக்காதீர்கள். சொன்னபோது அவள் அழவில்லை.