நோட்டில் இல்லாத கேள்வி

மூன்று நிறக் குப்பைத் தொட்டிகளில் எதை எதில் போடுவது என்று பிடிபடவே அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. பேருந்தில் ஏறும்போதும் அட்டையைக் காட்டவேண்டும், இறங்கும்போதும் காட்டவேண்டும். மறந்தால் ஓட்டுநர் வண்டியை நகர்த்தமாட்டார், மொத்தப் பேருந்தும் திரும்பிப் பார்க்கும். துணி துவைக்கும் எந்திரம் கீழ்த்தளத்தில். அதற்கு முறை வைத்துப் பெயர் எழுதவேண்டும், பத்து நிமிஷம் பிந்தினாலும் யாராவது ஈரத்துணியை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். இத்தனையும் கற்றுக்கொண்டவள் அந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அது இன்று பதினொரு மணிக்கு முடிவாக இருந்தது.

அவள் வந்திருப்பது கல்யாண விசாவில். நிச்சயமான மாப்பிள்ளை இங்கே இருக்கிறான், தொண்ணூறு நாளுக்குள் பதிவுத் திருமணம் முடித்தாகவேண்டும். அதற்கு முன்னால் ஓர் அதிகாரி இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். இது நிஜமான உறவா, விசாவுக்காகப் போட்ட நாடகமா என்று பார்ப்பார். நிஜம் என்று பட்டால் கல்யாணம். இல்லையென்றால் பதினாலு நாளில் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

ஊரில் ஒன்பது வருஷம் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுத்தவள் அவள். நரம்பே தட்டுப்படாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்பதால் கூட இருந்தவர்கள் வைத்த பெயர் ஊசி. மாப்பிள்ளையும் அதையே பிடித்துக்கொண்டான். அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக், இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. அவன் ஊருக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போனபிறகு எட்டு மாதம் வீடியோவில் பேசிப்பேசி, பாதி நேரம் உறைந்துபோன முகத்தையே பார்த்துச் சிரித்துப் பழகியவர்கள். கல்யாணம் வரைக்கும் அவள் அவனுடைய அக்கா வீட்டில் தங்குவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் விண்ணப்பங்களிலெல்லாம் அவன் வீட்டு முகவரிதான், ஏனென்றால் கடிதம் எது வந்தாலும் அவன் வாங்கி வைப்பான்.

அவளுக்கு அங்கே ஒரு கடிதம் வரவேண்டியிருந்தது. விமானம் ஏறுவதற்கு முன்பே ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்துக்கு விண்ணப்பம் போட்டு, கணினி முன்னால் உட்கார்ந்து பரீட்சையும் எழுதியிருந்தாள். ஆறு மாதப் பயிற்சி, முடித்தால் வேலை. வந்த நாள் முதல் தினமும் சாயங்காலம் அவனைக் கேட்பாள், "லெட்டர் வந்துச்சா?" அவனும் தினமும் சொல்வான், "இன்னும் வரலை ஊசி. இங்க எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்."

அக்கா, அதாவது இவளுக்கு அண்ணி, இந்த நேர்காணலுக்காக ஒரு கோடுபோட்ட நோட்டு தயார் செய்திருந்தாள். அறுபத்திரண்டு கேள்வி, அறுபத்திரண்டு பதில். முதலில் பார்த்தபோது யார் என்ன நிறம் போட்டிருந்தார்கள், யார் முதலில் போன் செய்தார்கள், அவனுக்கு எந்தத் தோளில் தழும்பு, எல்லாம் அதில் இருந்தது. நம்மவர்களுக்குப் பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால் மனப்பாடம் செய்யாமல் மனசு ஆறாது. உண்மையாக நடந்ததைக்கூட உருப்போட்டுத்தான் சொல்வோம். இரண்டு பேரையும் சோபாவில் எதிரெதிரே உட்காரவைத்து அண்ணி மூன்று வாரம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"சண்டை வருமான்னு கேட்டா?"

"வந்ததே இல்லை. நாங்க ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சு நடந்துக்கறோம்," என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள்.

"அவ்வளவுதான். நம்ம வீட்டு விஷயம் ஆபீசர் காதுக்கு எதுக்கு," என்பாள் அண்ணி.

இன்று காலை அவளைக் கூட்டிப்போக அவன் வந்தபோது கோட்டில் ஒரு பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. "குடுங்க, ஒரு நிமிஷம்," என்று வாங்கிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். உள்பக்கப் பையில் ஏதோ சரசரத்தது. எடுத்தாள். ஆஸ்பத்திரியின் முத்திரை போட்ட உறை, ஏற்கெனவே கிழித்துத் திறந்திருந்தது. அந்த ஊர் மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்குமளவுக்கு அவள் தேறியிருந்தாள். அவள் பெயர் இருந்தது. தேர்வாகியிருக்கிறாள் என்று இருந்தது. சம்மதம் தெரிவிக்கக் கடைசி நாள் என்று இன்றைய தேதி இருந்தது. கடிதம் அனுப்பிய தேதியைப் பார்த்தாள். மூன்று வாரம் முந்தியது.

அடுத்த அறையில் அண்ணி, வாசலில் அவன், கடிகாரத்தில் ஒன்பதரை. இப்போது வாயைத் திறந்தால் வீடு ரெண்டாகும், நேர்காணலும் நாறிப்போகும். பொத்தானை இறுக்கித் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கடிதத்தைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பேருந்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கடைசித் தடவையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான்.

"முதமுதல்ல பாத்தப்ப நான் என்ன சட்டை?"

"நீலக் கட்டம்."

"அன்னிக்கு வெளிய?"

"மழை தூறிக்கிட்டிருந்தது. நீங்க குடையை மறந்துட்டீங்க."

"சூப்பர். ஏன் ஒரு மாதிரி இருக்க? பயமா?"

"ஆமா," என்றாள். அது பொய் இல்லை. எதற்குப் பயம் என்று அவனும் கேட்கவில்லை. கைப்பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் அவனை முதலில் கூப்பிட்டார்கள். அவனுக்கு அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு, இருபத்தைந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, "நோட்டுல இருந்ததுதான். அப்படியே சொல்லு, ஒரு வார்த்தை மாத்தாத," என்று காதருகே சொன்னான்.

சின்ன அறை. ஒரு மேஜை, நாலு நாற்காலி, திறக்க முடியாத ஜன்னல். அதிகாரி ஐம்பது வயசு மதிக்கத்தக்க மனுஷர், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். பழக்கதோஷம், அவள் கண் முதலில் அவர் நரம்பைத்தான் பார்த்தது. நல்ல நரம்பு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். மேஜை நடுவில் ஒரு தொலைபேசி இருந்தது. அதிலிருந்து ஒரு தமிழ்க் குரல் வந்தது.

"வணக்கம்மா. நான் மொழிபெயர்க்கறவ. நீங்க சொல்றதை அப்படியே அவருக்குச் சொல்லுவேன். அவர் சொல்றதை அப்படியே உங்களுக்குச் சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நானா ஒரு வார்த்தை பேசறதுக்கும் அனுமதி கிடையாது. சரிங்களா?"

"சரிங்க."

கேள்விகள் நோட்டில் இருந்த வரிசையிலேயே வந்ததுபோல அவளுக்குத் தோன்றியது. நீலக் கட்டம், தூறல், குடை, தழும்பு. ஒப்பித்தாள். எட்டாவது பதில் முடிந்ததும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளைத் திருப்பி ஏதோ படித்தார். தொலைபேசிக் குரல் அதைத் தமிழில் சொன்னது.

"'மழை தூறிக்கிட்டிருந்தது. அவர் குடையை மறந்துட்டார்.' இது நீங்க சொன்னது. 'மழை தூறிக்கிட்டிருந்தது. நான் குடையை மறந்துட்டேன்.' இது அவர் சொன்னது. எட்டுக் கேள்விக்கும் இப்படித்தான். நான் பதினொரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். நிஜமான ஜோடி ஒருநாளும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. ஒருத்தர் நீலம்னா இன்னொருத்தர் அவர்கிட்ட நீலச் சட்டையே கிடையாதும்பாங்க. உங்களுக்கு யாரோ எழுதிக் குடுத்திருக்காங்க."

எழுதிக் கொடுத்ததும் உண்மை, எழுதியிருந்ததும் உண்மை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்?

"கடைசியா ஒண்ணு கேக்கறேன். இதுக்கு என்ன பதில் வருதோ அதைப் பாத்துத்தான் எழுதப்போறேன். நீங்க ரெண்டு பேரும் கடைசியா எதுக்குச் சண்டை போட்டீங்க? அவர் சண்டையே வந்ததில்லைன்னுட்டார்."

நோட்டில் உள்ளதைச் சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும். பதினாலு நாளில் ஊர். அப்பா தெருவில் தலைகாட்ட முடியாது, அம்மா சொந்தக்காரர்கள் போனை எடுக்கமாட்டாள். உண்மையைச் சொன்னால் வீட்டு விஷயம் அந்நியன் மேஜைக்கு வரும், அண்ணி காலத்துக்கும் சொல்லிக்காட்டுவாள். அவள் கைப்பையைத் திறந்தாள். உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இன்னும் போடலை. இங்கேர்ந்து வெளிய போனதும் போடணும்னு இருக்கேன்."

அதிகாரிக்கு அது போய்ச்சேர்ந்ததும் அவர் முதல்தடவையாகச் சிரித்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து அவனை உள்ளே கூப்பிட்டார்.

உறையைப் பார்த்ததும் அவன் கை தானாகக் கோட்டின் உள்பைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அவன் எதையும் மறுக்கவில்லை. அதிகாரி கேட்பதற்குள் அவளைப் பார்த்துத் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டான். தொலைபேசிக்குள்ளிருந்த அம்மாள் மூச்சுவிடாமல் அதை அந்த மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் முடியட்டும், அப்புறம் குடுக்கலாம்னுதான் வச்சிருந்தேன்."

"தினம் கேட்டேனே. தினம் வரலைன்னீங்களே."

"அக்கா இதே ஊர்ல இருந்தாலும் ஆறு வருஷம் ஒத்தையில இருந்திருக்கேன் ஊசி. சமைக்கவும் ஒத்தையில, காய்ச்சல்ல கிடக்கவும் ஒத்தையில. நீ வந்தப்புறம்தான் சாயங்காலம் ஆனா பேச ஒரு ஆள்னு இருக்கு. உனக்குன்னு ஒரு வேலை வந்துட்டா நான் எதுக்கு? என்கூட வேலை பாக்கற ஒருத்தனுக்கு அப்படித்தான் ஆச்சு, வேலை கிடைச்சதும் அவன் பொண்டாட்டி போயிட்டா. பயந்துட்டேன்."

அவள் மனசு இளகியது, இல்லையென்று சொல்ல முடியாது. அந்தப் பயம் அவளுக்குப் புரிந்தது. இங்கே வந்து இறங்கிய நாற்பத்திமூன்று நாளாக அவளும் ஏறக்குறைய அதே பயத்தில்தான் இருந்தாள், எங்கே போனாலும் அவன் கையைப் பார்த்தே நிற்க வேண்டியிருக்கிறதே என்று. சண்டை போட்டுவிட்டுச் சேர்ந்துகொள்ளலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

அதிகாரி படிவத்தில் ஒரு கட்டத்தில் குறி போட்டார். "உறவு நிஜமானது," என்று தொலைபேசி சொன்னது. "எனக்குச் சந்தேகம் இல்லை. சட்டப்படி இன்னும் ஒரே ஒரு கேள்வி பாக்கி. ரெண்டு பேர் முன்னாடியும் கேக்கணும். இவரைக் கல்யாணம் செஞ்சுக்கறது உங்க சொந்த விருப்பமா? ஆமான்னு சொல்லிட்டா நீங்க இங்க இருக்கலாம். இல்லைன்னு சொன்னா பதினாலு நாள்ல கிளம்பணும்."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு," என்றாள் அவள். அவன் பக்கம் திரும்பினாள். "இன்னிக்குத்தானே கடைசி நாள். அந்த ஆஸ்பத்திரிக்கு இப்பவே போன் பண்ணுங்க. நான் வர்றேன்னு சொல்லுங்க. எனக்கு அவங்க மொழி அவ்வளவு வராது, நீங்களே சொல்லுங்க. போதும். இந்த மூணு வாரத்தை நான் மறந்துடறேன்."

அவன் போனை எடுத்தான். விரலை வைத்தான். திரை வெளிச்சம் அணைந்தது, மறுபடி தொட்டான், மறுபடி அணைந்தது. அதிகாரி சுவரைப் பார்த்தார்.

"என்ன, நம்பர் லெட்டர்லயே இருக்கே," என்றாள்.

"போட்டுப் பிரயோஜனம் இல்லை."

"ஏன்?"

"வேற ஆளுக்குக் குடுத்திருப்பாங்க." அவன் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான். "வரலைன்னு அப்பவே எழுதிட்டேன்."

"யாரு வரலைன்னு?"

"நீதான். உன் பேர்ல எழுதினேன். கையெழுத்து... நானே போட்டேன்."

மொழிபெயர்க்கும் குரல் முதல்தடவையாக நின்றது. சில விநாடிகள் கழித்துத்தான் அதிகாரிக்கு விஷயம் போய்ச்சேர்ந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவளுக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. உடம்பெல்லாம் தகித்தது. ஒளித்து வைத்தவனை மன்னித்துவிடலாம், பயந்தவன் ஒளிக்கத்தான் செய்வான். இவன் அவளாகவே ஆகி, அவள் வாயால் அவளுக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு வந்து தினமும் சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்து, இங்கே எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்றிருக்கிறான். நாளைக்கு இன்னொரு கடிதம் வரும். அதற்கும் அவளாக அவனே பதில் எழுதுவான், அன்பாகத்தான் எழுதுவான்.

அதிகாரி மெதுவாக அதே கேள்வியை மறுபடி கேட்டார். தொலைபேசி அதைத் தமிழில் சொன்னது. இவரைக் கல்யாணம் செஞ்சுக்கறது உங்க சொந்த விருப்பமா?

"இல்லை," என்றாள்.

"ஊசி," என்றான் அவன்.

தொலைபேசி மொழிபெயர்க்கவில்லை. பிறகு அந்த அம்மாள் தாழ்ந்த குரலில், தமிழில், "எனக்குச் சரியா கேக்கலைம்மா," என்றாள். "லைன் சரியில்லை போல. நல்லா யோசிச்சு இன்னொரு தடவை சொல்றீங்களா?"

லைன் நன்றாகத்தான் இருந்தது. முகம் தெரியாத அந்த மனுஷி தன் வேலைக்கு உலைவைத்துக்கொண்டு இவளுக்கு ஒரு நிமிஷம் வாங்கித் தருகிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த ஒரு நிமிஷத்தை அவள் வாங்கிக்கொள்ளவும் செய்தாள். அப்பாவை நினைத்தாள், தெருவை நினைத்தாள், பதினாலு நாளை எண்ணினாள். எதிரே குனிந்திருந்த தலையையும் ஒருமுறை பார்த்தாள்.

"உங்களுக்குக் கேட்டுச்சுங்க," என்றாள் தொலைபேசியைப் பார்த்து. "சொல்லிடுங்க. இல்லைன்னு நான்தான் சொல்றேன், நான் மட்டும்தான் சொல்றேன்னு சேர்த்துச் சொல்லிடுங்க."

அந்த அம்மாள் சொன்னாள். அதிகாரி எழுதத் தொடங்கினார்.