நாகலெட்சுமியின் நிரை

கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி நாகலெட்சுமி செத்துப்போனாள். கருமாதி முடியும்வரை அவளுடைய தேயிலை நிரையில் யாரும் கொழுந்து எடுக்கக்கூடாது. எங்கள் தோட்டத்து வழக்கம் அது. கங்காணி ஆண்டியப்பன் நான் இருக்கும்போது எவள் மீறுவாள்? ஆனால், என் பேச்சை மீறித்தான் நாகலெட்சுமி குளவிக்கூட்டுப் பக்கம் போனாள் என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்திருந்தேன். அது பச்சைப் பொய். உண்மை தெரிந்தால் என் வேலை போய்விடும்.

அந்த நேரம் பார்த்தா யுனிவர்சிட்டியில் படிக்கும் கம்பஸ் பிள்ளை கிருஷாந்தி வந்து சேர வேண்டும்! பனி எந்தச் செடியைக் கருக்குகிறது என்று ஆராய்ச்சியாம். நாகலெட்சுமியின் நிரை இருக்கும் ஏழாம் நம்பர் மலை முழுக்க ஒரு பொடியைத் தண்ணீரில் கலந்து தெளித்தாள். கண்ணுக்குத் தெரியாத துகள்கள். ஒவ்வொன்றும் சூட்டை அளக்குமாம். குளிரில் நீலம், சூடு பட்டால் சிவப்பு.

"தொட்டுப் பாருங்க அங்கிள்."

தொட்டேன். இலை சிவந்து, உடனே மறுபடி நீலமானது. "நமக்கெதுக்கும்மா இந்த வித்தையெல்லாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டேன்.

கருமாதிக்கு முதல் நாள் காலை, மூடுபனி. நாகலெட்சுமியின் மகள் நிஷாந்தி பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நின்றாள்.

"மாமா, இங்க பாருங்க!"

ஆளில்லாத நாகலெட்சுமியின் நிரையில் ஒரு கொழுந்து சிவந்தது. அது நீலமாவதற்குள் அடுத்தது. பிறகு இரண்டு கை வேகத்தில் இங்கொன்று, அங்கொன்று. எதுவும் ஒடியவில்லை. இளங்கொழுந்து மட்டுமே சிவந்தது. முற்றிய இலை ஒன்றுகூட இல்லை.

"வெயிலா இருக்கும்" என்றேன். வெயிலே இல்லை.

"அம்மா இப்படித்தான் எடுப்பாங்க" என்றாள் நிஷாந்தி. "எடக்கை கொஞ்சம் முந்திக்கும்."

சிவப்பு மேலே ஏறி, குளவிக்கூடு இருந்த மரத்தடியில் நின்றது. திரும்பியது. இப்போது பறிக்கவில்லை, ஓடி வந்தது. செடிக்குச் செடி கன்னாபின்னாவென்று சிவந்து, என்னை நோக்கி. அன்றைக்கும் அவள் இதே வழியாகத்தான் ஓடி வந்தாள். "காப்பாத்துங்கண்ணே" என்று என் கையைப் பிடித்தாள். பாவி நான், உதறிவிட்டு ஓடினேன்.

என் காலடிச் செடி சிவந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

நிஷாந்தி என் ஜேக்கட் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செடிகளில் உரசி ஒட்டிய பொடி அதில் முழுக்க நீலமாக இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே மட்டும் ஐந்து விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. அவை மறையவில்லை.

"அம்மாவ அங்க போகச் சொன்னது யாரு மாமா?"

"நான்தான் தாயி" என்றேன். "கூடு இருக்குன்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

சொல்லிவிட்டேன். அப்படியும் நாகலெட்சுமி பிடியை விடவில்லை.